தரங்கம்பாடியில் 500 ரூபாய்த் தாளோடு

கோபன்ஹேகனில் எட்டு வருஷமாக இருக்கிறேன். "டேனிஷ் கோட்டை உங்க ஊர்ப் பக்கம்தானாமே?" என்று ஆபீஸில் யாராவது கேட்டால் சிரித்து மழுப்புவேன். பிறந்தது மயிலாடுதுறை, பார்த்ததில்லை. இந்த ஜூலை லீவில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போய்விட்டேன்.

அப்பா சின்ன வயதில் போனது ரயிலில். 1986இல் அந்த லைனை மூடிவிட்டார்கள். நாங்கள் பொறையார் வரை பஸ், அப்புறம் ஆட்டோ. பஸ்ஸில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பணம்தான் படுத்தியது. பெட்டிக்கடையில்கூட ஸ்கேன் அட்டை தொங்குகிறது, ஆனால் என் டென்மார்க் நம்பரில் யுபிஐ ஓடவில்லை. ஏடிஎம் கார்டை விழுங்கி, யோசித்து, துப்பிவிட்டது. அப்பாவிடம் பட்டன் போன். கையிலிருந்த ஒரே 500 ரூபாயை நீட்டினால் ஆட்டோக்காரரிடம் சில்லறை இல்லை. "ரெண்டு மணிக்கு நான்தானேண்ணே ஏத்திக்கப் போறேன், சேத்துக் குடுங்க" என்று கிளம்பிவிட்டார். என் நம்பரைக்கூட வாங்கவில்லை.

ஊர் நுழைவாயிலில் 1792 என்று பொறித்திருக்கிறது. உள்ளே ராஜா வீதி, அதில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது இந்த ஊரில்தான், 1715இல்.

கடலோரம் போனதும் ஆடிக் காற்று. அப்பா ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டே நடந்தார். ஓசோன் நிறைந்த காற்று என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். என் வாயில் பட்டது உப்பும் மணலும்தான். கோட்டைக்குள் கீழ்த்தள வளைவு அறைகளில் மட்டும் சத்தம் அடங்கியது. 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அனுமதி கொடுத்துக் கட்டிய கோட்டை. 1845இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரை, வங்காளத்தில் தங்களிடமிருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். "ரெண்டு ஊருக்குமா!" என்றார் அப்பா. மாசிலாமணிநாதர் கோயிலை வெளியிலிருந்துதான் பார்த்தோம். 1306இல் கட்டியது, முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது.

அதற்குள் அப்பாவுக்கு அவசரம். கழிப்பறை கண்ணில் பட்டது, பூட்டும் பட்டது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. எழுபத்தைந்து வயதுக்காரரை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பது என்ன பாடு! கடைசியில் டீக்கடை அம்மா தன் வீட்டுப் பின்கட்டைக் காட்டினார். டீக்கும் காசு வாங்கவில்லை, அதே சில்லறைப் பிரச்சினை.

இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஆட்டோ வந்து நின்றது. சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து எண்ணிக்கொண்டே அவர் கேட்டார்: "அந்த ஐந்நூறு இருக்குல்லண்ணே? மாத்தி வச்சிட்டேன். டீக்கடையில குடுக்கணும்னா குடுத்துட்டு வாங்க."