கன்ட்ரோல் பிளேன் ஏறிவிடும், நோட்தான் நகராது: மேனேஜ்டு குபர்னெட்டீஸ் அப்டேட் அனுபவம்

"மேனேஜ்டு சேவைதானே, வெர்ஷன் அப்டேட் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களே?" என்று கேட்ட நண்பருக்கான பதில் இது. பாதி உண்மை. அந்தப் பாதி அருமையாக இருக்கிறது. மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளம். சுருக்கமாக: கன்டெய்னர்களில் ஓடும் செயலிகளைப் பல மெஷின்களில் நடத்துவது குபர்னெட்டீஸ். அந்த மெஷின்கள் நோட்கள், ஒரே வகை நோட்களின் தொகுப்பு நோட் பூல், செயலி ஓடும் சிறு அலகு பாட், எல்லாம் சேர்ந்தது கிளஸ்டர், அதன் மூளை கன்ட்ரோல் பிளேன். சேவையின் பெயரை விட்டுவிடுவோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குபர்னெட்டீஸைச் சொந்தமாக நடத்துபவர்கள் எட்சிடி (கிளஸ்டரின் தகவல் கிடங்கு) ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும், கன்ட்ரோல் பிளேன் மெஷின்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும், ஓராண்டில் காலாவதியாகும் சான்றிதழ்களையும் கவனிக்க வேண்டும். இங்கே அந்தத் தலைவலி எதுவும் இல்லை. கன்ட்ரோல் பிளேனின் வாசலான ஏபிஐ சர்வர் மாறும்போது ஓடிக்கொண்டிருக்கும் பாட்கள் அசையக்கூட மாட்டா. கன்ட்ரோலர்கள் ஒருமுறை இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். பேட்ச் வெர்ஷன்கள் வந்ததே தெரியாமல் வந்துவிடுகின்றன. இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் காசு கொடுக்கலாம்.

இன்னொரு எதிர்பாராத சந்தோஷம். குபர்னெட்டீஸில் ஆண்டுக்கு மூன்று மைனர் வெர்ஷன்கள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் சுமார் 14 மாதம் ஃபிக்ஸ் கிடைக்கும். கன்ட்ரோல் பிளேன் படி தாண்ட முடியாது, 1.30-லிருந்து 1.33-க்குப் போக மூன்று தாவல் வேண்டும். ஆனால் 1.28 முதல், கியூப்லெட் (ஒவ்வொரு நோடிலும் ஓடும் ஏஜென்ட்) ஏபிஐ சர்வரைவிட மூன்று மைனர் வெர்ஷன் வரை பின்தங்கியிருக்கலாம் (அதற்கு முன் இரண்டுதான்). எனவே கன்ட்ரோல் பிளேனை மூன்று படி ஏற்றிவிட்டு, நோட்களை ஒரே ஒரு முறை 1.33-க்கு மாற்றினால் போதும். மூன்று டிரெயின் (நோடைக் காலி செய்வது) ஒன்றாகிறது. டிரெயின் எவ்வளவு கசப்பானது என்று தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

இனி அந்தக் கசப்பு.

நோட் பூல் அப்டேட் என்றால் புது நோட் ஒன்று எழும், பழைய நோட் கார்டன் ஆகும் (புது பாட் ஏறாதபடி பூட்டப்படும்), அதிலுள்ள பாட்கள் எவிக்ஷன் ஏபிஐ வழியாக வெளியேற்றப்படும். அந்த ஏபிஐ ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எத்தனை பாட் நிற்கலாம் என்று சொல்லும் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டை, அதாவது பிடிபியை, கேட்டுவிட்டுத்தான் சம்மதிக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது இதுதான். பிடிபி மறுத்தால் 429 என்ற மறுப்புக் குறியீடு திரும்பும், டிரெயின் சில விநாடிக்கு ஒருமுறை மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கும். சேவைக்குச் சேவை முடிவு வேறு: ஒன்று 15 நிமிடம் பார்த்துவிட்டு அப்டேட்டே தோல்வி என்கிறது, இன்னொன்று ஒரு மணி நேரம் பொறுத்துவிட்டு பாட்டை வலுக்கட்டாயமாகக் கொல்கிறது. தோல்வி என்றால் பாதி நோட் பழைய வெர்ஷன், பாதி புதுசு. கார்டன் ஆன நோட் அப்படியே நிற்கிறதா என்று நாமே போய்ப் பார்க்க வேண்டும். இத்தனையும் நடக்கும்போது கன்சோலில் தெரிவது "அப்டேட் ஆகிறது" என்ற ஒரே வரி. எந்த பாட், எந்த பிடிபி என்று சொன்னால் குறைந்தா போய்விடும்? ஏபிஐ அனுப்பும் 429 பதிலில் காரணம் இருக்கிறது. அதைத் திரையில் காட்ட மனமில்லை. அப்டேட்டுக்காகக் கூடுதலாக எழுந்த சர்ஜ் நோடுக்கு மட்டும் பில் ஓடிக்கொண்டிருக்கும்.

நியாயமாகச் சொன்னால், பிடிபி எழுதியது சேவை நடத்துபவர் இல்லை, நாம்தான். அடைப்பு வரும் வழிகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான்.

ரெப்ளிகா (ஒரே பாட்டின் பிரதி) 1, மின்அவைலபிள் (எப்போதும் ஓட வேண்டிய குறைந்தபட்சம்) 1 என்றால், வெளியேற்ற அனுமதி 0. இது எல்லோருக்கும் தெரியும். மின்அவைலபிள் 50% என்று போட்டுவிட்டுத் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்: சதவீதம் மேல்நோக்கி முழு எண்ணாக்கப்படும், ஒரு ரெப்ளிகாவில் 50% என்பதும் 1-தான். மேக்ஸ்அன்அவைலபிள் (நிற்கலாம் என்ற அதிகபட்சம்) 1 என்று எழுதினால் இந்தக் கணக்கே வராது.

இதைவிட நயவஞ்சகமானது ரெப்ளிகா எண்ணிக்கையைத் தானாக ஏற்றி இறக்கும் ஆட்டோஸ்கேலரோடு சேரும்போது. பகலில் ஆறு ரெப்ளிகா ஓடும் டெப்ளாய்மென்ட் இரவில் குறைந்தபட்ச எண்ணான 1-க்கு இறங்கும். பராமரிப்பு நேரத்தை எல்லோரும் எப்போது வைக்கிறோம்? ட்ராஃபிக் இல்லாத அந்த இரவில்தான். பகலில் சோதித்தால் பிடிபி பச்சை, இரவில் அனுமதி 0. ஆட்டோஸ்கேலரின் குறைந்தபட்சத்தை 2 ஆக்குவதே மருந்து.

அடுத்து, ஏற்கெனவே உடைந்து கிராஷ்லூப்பில் (விழுந்து விழுந்து எழும் சுழலில்) கிடக்கும் பாட். அது யாருக்கும் பயன்படவில்லை, ஆனாலும் வெளியேறாது. பிடிபியின் இயல்புநிலைக் கொள்கைப்படி, ஆரோக்கியமான பாட்களின் எண்ணிக்கை தேவையான அளவுக்குக் கீழே இருந்தால், ரெடி ஆகாத பாட்டையும் எவிக்ட் செய்ய முடியாது. அன்ஹெல்தி பாட் எவிக்ஷன் பாலிசி என்ற புலத்தில் ஆல்வேஸ்அலவ் என்று எழுதினால் தீர்ந்தது. 1.26-இல் ஆல்ஃபாவாக வந்து 1.31-இல் ஸ்டேபிள் ஆனது. பெரும்பாலான ரெடிமேட் ஹெல்ம் சார்ட்களில் (செயலியை நிறுவும் பொதிகளில்) இந்த வரியைத் தேடினாலும் கிடைக்காது.

சார்ட் கொண்டுவரும் பிடிபி ஒன்று, டீம் எழுதியது ஒன்று, இரண்டும் ஒரே பாட்டைப் பிடித்தால் எவிக்ஷன் 429 கூட இல்லை, 500 என்ற பிழையோடு விழும். எத்தனை ரெப்ளிகா கூட்டினாலும் சரியாகாது, ஒன்றை அழித்தே ஆக வேண்டும். பழைய வி1பீட்டா1 வடிவ பிடிபி 1.25-இல் நீக்கப்பட்டபோது வந்த வம்பும் உண்டு: செலக்டர் (எந்த பாட்களுக்கு என்று சொல்லும் பகுதி) காலியாக இருந்தால் பழையதில் எந்த பாட்டையும் பிடிக்காது, வி1-இல் அந்த நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் ஒரு பிரிவில்) உள்ள எல்லாவற்றையும் பிடிக்கும். வெர்ஷன் வரியை மட்டும் மாற்றி அப்ளை செய்தவர்களின் நேம்ஸ்பேஸ் முழுவதும் பூட்டிக்கொள்ளும்.

ஆகவே பட்டனைத் தொடும் முன், அதுவும் பராமரிப்பு நேரத்திலேயே, எல்லா நேம்ஸ்பேஸுக்கும் பிடிபி பட்டியல் எடுத்து, அலவ்டு டிஸ்ரப்ஷன்ஸ் நெடுவரிசையில் 0 எங்கே என்று பாருங்கள். அப்டேட் தொடங்கியபின் நின்றுவிட்டால், ஷெட்யூலிங் டிஸேபிள்டு என்று இருக்கும் நோடைக் கண்டுபிடித்து அதில் மிச்சமுள்ள பாட்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு நோடிலும் ஓடும் டீமன்செட்களைக் கழித்தால் குற்றவாளி கிடைப்பார். பாட் வெளியேறியும் புது நோடில் பெண்டிங்கில் நின்றால் வால்யூமின் (பாட்டின் டிஸ்க்கின்) ஸோனை, அதாவது டேட்டா சென்டர் பகுதியை, பாருங்கள். டிஸ்க் ஒரு ஸோனிலும் புது நோட் வேறு ஸோனிலும் எழுந்திருக்கும். பாட் உருவாகவே மறுத்தால் காரணம் அட்மிஷன் வெப்ஹுக், அதாவது எதையும் உருவாக்கும் முன் சரிபார்க்கும் சேவை. அதன் பாட் டிரெயின் ஆன நோடிலேயே இருந்து, ஃபெயிலியர் பாலிசி ஃபெயில் (பதில் வராவிட்டால் மறு) என்றும் இருந்தால், தன்னையே மறுபடி எழவிடாமல் தானே தடுக்கும்.

நீக்கப்பட்ட ஏபிஐகளைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஏபிஐ சர்வரின் மெட்ரிக்குகளில் காலாவதியாகும் ஏபிஐ எதைக் கேட்கிறார்கள் என்பது வந்துவிடுகிறது. ஹெல்ம் ரிலீஸுக்குள் பதிந்திருக்கும் பழைய மேனிஃபெஸ்ட்டை மட்டும் மேப்கியூப்ஏபிஐஸ் பிளகினால், அதுவும் கன்ட்ரோல் பிளேன் ஏறும் முன்பே, திருத்திவிடுங்கள்.

ஃபிக்ஸ் வரும் விதம்தான் இன்னொரு எரிச்சல். கன்ட்ரோல் பிளேனுக்கு ஒரு எண், நோட் இமேஜுக்கு வேறு, கோர்டிஎன்எஸ், சிஎன்ஐ, கியூப்-ப்ராக்ஸி என்ற நெட்வொர்க் பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. 2024 ஜனவரி இறுதியில் கன்டெய்னர்களை இயக்கும் ரன்சி-யில் கன்டெய்னரிலிருந்து ஹோஸ்டுக்குத் தப்பும் ஓட்டை வெளியாகி 1.1.12-இல் அடைக்கப்பட்டது. ரன்சி இருப்பது நோட் இமேஜில். கன்ட்ரோல் பிளேன் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதற்குப் பயனில்லை, நோட்களை மாற்ற வேண்டும், அதாவது மறுபடியும் டிரெயின், மறுபடியும் பிடிபி. கன்சோல் மட்டும் "உங்கள் கிளஸ்டர் புதுப்பிப்பில் உள்ளது" என்று பச்சை டிக் காட்டிக்கொண்டிருக்கும்.

தீர்ப்பு? மேலே எழுதியதைப் படித்தால் 4 கொடுப்பேன் என்று தோன்றும். கன்ட்ரோல் பிளேனுக்கு 5 தாராளமாகக் கொடுக்கலாம், சொந்தமாக நடத்தும் யோசனை எனக்கு இல்லவே இல்லை. ஆனாலும் மொத்தத்துக்கு 5-க்கு 2-தான். எந்த பாட் தடுக்கிறது என்று அந்தத் திரையில் ஒரு வரி வரட்டும், அன்றைக்கே 4 ஆக்குகிறேன்.