விண்கலப் பெயர்களின் சுவர்ப்படம்: வாங்கலாம், ஒரு திருத்தத்துடன்

நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள கடையொன்றில், எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக, மனிதரை ஏற்றிச் சென்ற முதல் விண்கலங்களைப் பற்றிய சுவர்ப்படத்தை 120 ரூபாய்க்கு வாங்கினேன். மனிதரை விண்ணுக்கு அனுப்பிய அமெரிக்காவின் முதல் திட்டமான மெர்க்குரி பற்றிய பகுதி அருமை. ஆலன் ஷெப்பர்ட் 1961 மே 5 அன்று பறந்த ‘ஃப்ரீடம் 7’ கலத்தின் 7 அதன் தயாரிப்பு எண்ணிலிருந்து வந்தது என்பதையும், பின்வந்த வீரர்கள், அத்திட்டத்துக்குத் தேர்வானவர்கள் தாங்கள் எழுவர் என்ற நினைவில் அந்த எண்ணைத் தத்தம் கலப் பெயர்களில் சேர்த்துக்கொண்டதையும் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள்.

தமது ‘லிபர்ட்டி பெல் 7’ கடலில் மூழ்கிய அனுபவத்தை மனத்தில் வைத்து, மெர்க்குரி வீரர் கஸ் கிரிஸம், 1965இல் அடுத்த திட்டமான ஜெமினியின் ‘ஜெமினி 3’ கலத்துக்கு டைட்டானிக்கில் தப்பிய மோலி பிரவுனின் பெயரைச் சூட்டினார். அந்தக் குறும்பை நாசா ரசிக்கவில்லை. அதன்பின் ஜெமினி கலங்களுக்கு எண் மட்டுமே. பின்னர் நிலவுத் திட்டத்தின் அப்போலோ 9இல் இரு கலங்கள் தனித்தனியே பறந்ததால், வானொலியில் அழைக்கப் பெயர்கள் மீண்டும் தேவைப்பட்டன.

குறை ஒன்று உண்டு. தேதியே இல்லாமல் ஜெமினி 6ஐ 7க்கு மேலே அச்சிட்டுள்ளார்கள். ஜெமினி 6 விண்ணில் சென்று இணைய வேண்டிய ஆளில்லா இலக்குக் கலமான அஜீனா 1965 அக்டோபரில் அழிந்துபோனதால் ஆறாவது பயணம் தள்ளிப்போயிற்று. ஏழாவது டிசம்பர் 4 அன்று முந்திக்கொள்ள, ‘6-ஏ’ எனப் பெயர் மாறிய கலம் 15ஆம் தேதிதான் கிளம்பியது. மகள் பென்சிலால் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.

சோவியத் கலமான வோஸ்தோக்குக்குக் கிடைத்தது ஒரு மூலை மட்டுமே. தாளும் மெல்லியது, முட்டத்துக் கடற்காற்றில் இரண்டே வாரத்தில் ஓரங்கள் சுருண்டுவிட்டன. வாங்குபவர்கள் லேமினேஷன் செய்துகொள்வது நல்லது.