டூல்பார் பட்டன் வேலை செய்யாததற்கு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

களுவாஞ்சிகுடியில் சின்னதாக ஒரு டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். வினாத்தாள், கோயில் நோட்டீஸ், 31ஆம் நாள் கல்வெட்டு (இறந்தவரின் நினைவாக அச்சடிக்கும் சிறு புத்தகம்), இவைதான் வேலை. எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டதால் கடைக் கொம்பியூட்டரை 11க்கு மாற்றினேன். அதோடு நான் டைப் பண்ணும் இலவச மென்பொருளான லிப்ரே ஒஃபிஸையும் புதிதாக ஏற்றினேன். மறுநாள் காலை டூல்பாரில் ஒரு பட்டனும் கேட்கவில்லை. எழுத்தைத் தடிப்பாக்குவது, நடுவில் நிறுத்துவது, பிரின்ட், எதை அமுக்கினாலும் பட்டனின் நிறம் மட்டும் மாறும், வேலை நடக்காது. கையில் ஒரு கல்வெட்டு இருந்தது. ஐந்து நாளில் அச்சுக்குப் போகவேண்டும்.

பயந்துபோய் மட்டக்களப்பு டவுனில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, ஹார்ட் டிஸ்க் அடிபட்டுப் போச்சு. புதுசு போடாட்டி ஒண்டும் செய்யேலாது" என்றார். ஃபைல் எல்லாம் கொப்பி பண்ணித் தருவதாகவும் சொன்னார். நம்பினேன். இரண்டு நாள் கழித்து 18,500 ரூபா கொடுத்து எடுத்துவந்தேன். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

கடையில் வந்து திறந்தால், பழைய டிஸ்க்கில் தனிப் பகுதியாக இருந்த டீ (D) டிரைவே இல்லை. டொக்கியுமென்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் கொப்பி பண்ணியிருக்கிறார்கள். என் வேலை முழுக்க டீயில்தான் இருந்தது. மிஞ்சியிருந்த ஃபைல்களும் பாமினி எழுத்துரு போடாததால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. (அது பெரிய விஷயமில்லை, எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது.) பழைய டிஸ்க்கைக் கேட்டு மறுபடி போனேன். "பழுதானதுதானே அக்கா, எறிஞ்சாச்சு" என்றார்கள். அதில் எத்தனை பேருடைய அடையாள அட்டை ஸ்கேன் இருந்தது என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

அந்த டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை என்றுதான் இன்று நினைக்கிறேன். அடுத்த கிழமை வீட்டு லப்டொப்பையும் அதேபோல் மாற்றினேன், அதே பட்டன்கள் அதேமாதிரி நின்றன. கட்டாரில் இருக்கும் அண்ணன் மகனுக்குப் போன் எடுத்தேன். "மாமி, கொன்ட்ரோலை (Ctrl) அமத்திக்கொண்டு B எழுத்தைத் தட்டிப் பாருங்க" என்றான். எழுத்து உடனே தடித்தது. "அப்ப ஃபைலும் மெசினும் நல்லா இருக்கு. டூல்பார் செட்டிங்தான் குழம்பியிருக்கு."

லிப்ரே ஒஃபிஸின் செட்டிங் எல்லாம் நம் ஃபைல்களோடு சேராமல் தனி ஃபோல்டரில் இருக்கும். புதிய பதிப்பும் அதே பழைய ஃபோல்டரைத்தான் வாசிக்கிறது. அதில் ஏதாவது பழுதானால் பட்டன்கள் இப்படி நின்றுவிடும். உதவி மெனுவுக்குள் சேஃப் மோடில், அதாவது நம் செட்டிங்கை விட்டுவிட்டு, மறுபடி தொடங்கும் வழி இருக்கிறது. அப்படித் திறந்ததும் பட்டன்கள் வேலை செய்தன. அப்புறம் லிப்ரே ஒஃபிஸை மூடிவிட்டு, விண்டோஸ் மறைத்துவைத்திருக்கும் ஆப்டேட்டா (AppData) ஃபோல்டரின் ரோமிங்குக்குள் (Roaming) லிப்ரே ஒஃபிஸ், அதற்குள் 4 என்ற ஃபோல்டர், அதற்குள் இருக்கும் யூசர் (user) ஃபோல்டருக்கு வேறு பெயர் வைக்கச் சொன்னான். திரும்பத் திறந்தபோது அதுவே புதிய ஃபோல்டரை உண்டாக்கிக்கொண்டது. அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றியதால், நான் சேர்த்துவைத்த சொற்பட்டியலைப் பழையதிலிருந்து எடுக்க முடிந்தது. ஐந்து நிமிடம், ஒரு சதம் செலவில்லை.

பட்டன் நின்றால் முதலில் கீபோர்டில் தட்டிப் பாருங்கள். கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் எல்லா டிரைவையும் நீங்களே கொப்பி எடுத்துவையுங்கள். டிஸ்க் மாற்றினால் பழையதைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பில் கேளுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. அங்கே முறையிடலாம் என்று பார்த்தால், காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

அந்தக் கல்வெட்டை, இறந்தவரின் மனைவி திரும்பக் கொண்டுவந்து தந்த கொப்பியைப் பார்த்து இரவிரவாக மறுபடி அடித்தேன். முப்பதாம் நாள் பின்னேரம்தான் அச்சாகி வந்தது. ஸ்கேன் பண்ணிவைத்திருந்த அவர்களுடைய கல்யாணப் படம் மட்டும் அதில் இல்லை.