செத்தல் இரண்டு கிலோ, மல்லி இரண்டு கிலோ

ஊருக்குப் போகிறேன் என்றதும் ரொறன்ரோவில் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டது தூள்தான். ஸ்காபரோக் கடைகளில் யாழ்ப்பாணத் தூள் என்று அச்சிட்ட பொதிகள் தட்டுத் தட்டாக அடுக்கிக் கிடக்கின்றன. இருந்தாலும் ஊரில் வறுத்துத் திரித்ததுதான் வேண்டுமாம். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: நாங்கள் மிளகாய்த்தூள் என்பது வெறும் செத்தலை, அதாவது காய்ந்த மிளகாயை, அல்ல. மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் அதற்குள் அடக்கம்.

கண்டியில் இரண்டு நாள் தங்கிவிட்டு ஏ9 வீதியால் வடக்கே வந்தோம். மாத்தளைப் பக்கம் வீதியோரம் முழுக்க வாசனைத் திரவியத் தோட்டங்கள். ஒன்றில் நிறுத்தினோம். நுழைவுக் கட்டணம் இல்லை என்றபோதே சுதாரித்திருக்க வேண்டும். வழிகாட்டி ஏலம், கராம்பு, சாதிக்காய் என்று பொறுமையாகக் காட்டினார், என் முழங்காலில் ஏதோ எண்ணெய் தேய்த்துவிட்டார். வெளியேறும் வழி கடைக்குள்ளால் போனது. அங்கே கறுவாவுக்கு, அதாவது இலவங்கப்பட்டைக்கு, சொன்ன விலை, முதல் நாள் கண்டி மத்திய சந்தையில் நாங்கள் கொடுத்ததைப்போல் நான்கு மடங்கு.

கறுவா வாங்குகிறவர்கள் குச்சியின் முனையைப் பாருங்கள். இலங்கைக் கறுவாவில் மெல்லிய உட்பட்டைகள் சுருட்டுப்போல ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருக்கும். விரலால் நசுக்கினாலே நொறுங்கும். தடித்த ஒற்றைப் பட்டையாகச் சுருண்டிருந்தால் அது காசியா என்ற வேறு வகைப் பட்டை. 6 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மேற்படாத மிக மெல்லிய குச்சிக்கு ‘அல்பா’ என்று பெயர், விலையும் அதற்கே கூட. ‘சிலோன் சினமன்’ என்ற பெயருக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

சுன்னாகம் சந்தைக்குச் சின்னம்மா கூடவே வந்தார். என்னைத் தனியே விட்டால் ஏமாந்துவிடுவேன் என்பது அவருடைய கணிப்பு. செத்தலை எடுத்து வளைத்துப் பார்த்தார். வளைந்தால் ஈரம், வேண்டாம். சடக்கென்று முறிய வேண்டும். மஞ்சளைத் தூளாக வாங்கவே மாட்டார், கட்டையாகத்தான். 2020இல் மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி விலை எங்கேயோ ஏறிய காலத்தில் பிடித்துக்கொண்ட சந்தேகம் அது. செத்தல் எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரைக் கேட்டேன். “இந்தியாதான், வேறெங்கே?” என்றார். ஊர்த்தூள், ஊர்த்தூள் என்று நாங்கள் உருகுவதில் பாதி கடல் கடந்து வந்த சரக்கு!

செத்தல் இரண்டு கிலோ, மல்லி இரண்டு கிலோ, மற்றதெல்லாம் சேர்த்து ஒரு கிலோ. முற்றத்தில் விறகடுப்பு மூட்டி, தாச்சியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்தார். செத்தல் கடைசியில்தான். அதை முதலில் போட்டால், பிறகு யாரும் அடுப்பருகே நிற்க முடியாது.

மில்லில் எங்களுக்கு முன்னால் ஆறு பேர். அரிசி மாவுக்கு ஒரு இயந்திரம், தூளுக்கு வேறொன்று. எங்கள் முறை வந்ததும் மில்காரர் வாளியை வாங்கி ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தார். “மல்லி இன்னும் கொஞ்சம் வறுபட்டிருக்கலாம், அக்கா” என்றார். சின்னம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் மறுக்கவில்லை. திரித்து முடித்ததும், இயந்திரத்தின் வாயில் கட்டியிருந்த துணிக்குழாயை நான்கைந்து தரம் தட்டினார். இன்னும் இரண்டு கைப்பிடித் தூள் விழுந்தது. “இது அடுத்தவருடைய தூளோடு போய்விடும், அண்ணை” என்று அதையும் வாளிக்குள் போட்டார். கனடாவில் ஒரு கோப்பிக்குக் கொடுக்கும் காசைவிடக் கூலி குறைவு.

அவசரத்தில் நான் பொலித்தீன் பையை விரித்தேன். மில்காரர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். தூள் கொதிச்சூட்டில் இருந்தது. அப்படியே கட்டினால் பைக்குள் வியர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடுமாம். வீட்டில் செய்தித்தாளில் பரப்பி ஓர் இரவு ஆறவிட்டு, மறுநாள் அரைக் கிலோப் பைகளாக அவரிடமே கொண்டுபோய் ஒட்டிக்கொண்டோம். அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. வறுத்ததில் எடை குறைந்து ஒன்பது பைதான் தேறியது. பத்துப் பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டி 25 கிலோ காட்டியது. 23தான் கணக்கு, இரண்டு கிலோவை எடுங்கள் என்றார் பெட்டியை நிறுத்த பெண். மனைவி என்னைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து ஒரு சோடிச் சப்பாத்தையும் எனக்கென்று தைத்த இரண்டு கால்சட்டையையும் எடுத்து, வழியனுப்ப வந்த மைத்துனரிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு அளவு சரியாக இருக்கிறதாம்.