நீதிமன்றமா, மத்தியஸ்த சபையா?
கோபத்தில் ஒருவன் அயலவரின் மீன்வலையைக் கிழித்துவிட்டான். திருகோணமலை நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால் தவணைக்கு மேல் தவணை, சட்டத்தரணிச் செலவு. விதிக்கப்படும் தண்டப்பணமும் அரசுக்கே போகும்; நட்டஈடு கிடைக்க நீதவான் தனியாகக் கட்டளையிட வேண்டும்.

இலங்கையின் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் தந்த, பிணக்குகளைப் பேசித் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபையில் சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. மத்தியஸ்தர்கள் முன்னால் இரு தரப்பும் நேருக்கு நேர் பேசுகிறார்கள். நான் பார்த்த அமர்வொன்றில் வலைக்காரர் கிழிசலை மேசையில் விரித்து, ஒவ்வொரு கண்ணாக விரலால் காட்டினார். "பெரியப்பா, நானே பொத்தித் தருகிறேன்" என்றான் வலையைக் கிழித்த பையன். அவனுடைய குரல் நடுங்கியது.

இணங்காவிட்டால் சபை தரும் இணக்கமின்மைச் சான்றிதழுடன் நீதிமன்றம் போகலாம். சிறு குற்றங்களுக்கு எனக்குச் சபைதான் சரி. வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணை மட்டும் சமாதானத்துக்கு அனுப்பாதீர்கள்; அவளுக்கு நீதிமன்றத்தின் பாதுகாப்புக் கட்டளை வேண்டும்.