மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஃபிஷ்

1983இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபிஷ் ராக் குழு, 2017இல் நியூயார்க்கின் இதே அரங்கில் 13 இரவுகள் வாசித்தும் ஒரு பாடலைக்கூடத் திரும்பத் தொடவில்லை. அதனால்தான் அடுத்து என்ன வரும் என்ற ஆவல் என்னைப் போன்ற ரசிகர்களை விடாமல் இழுக்கிறது. நான் சென்ற இரவில், முதல் பகுதியின் பாடல்கள் சுருக்கமாகவே முடிந்தன. இரண்டாம் பகுதியில், டிரே அனஸ்டாசியோவின் கிட்டார் ஒரு சிறு துணுக்கையே சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருக்க, மைக் கார்டனின் பேஸ் மெல்லத் தடம் மாறியதும், ஃபிஷ்மனின் டிரம்ஸும் மெக்கானலின் பியானோவும் பின்தொடர்ந்து, பழைய பாடல் கண்முன்னே வேறொன்றாக மலர்ந்தது. அப்போது பார்வையாளர்கள் வீசிய ஒளிக்குச்சிகள் தலைக்குமேல் பறந்தன, காலடியில் தரை அதிர்ந்தது. கிறிஸ் குரோடா விளக்குகளையும் இசையோடு சேர்ந்து அந்தந்தக் கணத்திலேயே இயக்குகிறார். அதை முழுமையாகக் காண, மேடையை ஒட்டிய இடத்தைவிடச் சற்று உயரமான இருக்கையையே பரிந்துரைப்பேன்.