என்பிடெல் நீர்வளப் பாடங்கள்: யாருக்கு, எந்த அளவுக்கு?

நீர்வளத்தையும் நிலப் பாதுகாப்பையும் பல்கலைக்கழக மட்டத்தில் படிக்க விரும்பியும், வேலையை விட்டுவிட்டு இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்குப் போக முடியாதவர்களுக்கு, நான் தயங்காமல் பரிந்துரைப்பது என்பிடெல் (NPTEL) என்ற இணையவழித் திட்டத்தின் பாடங்களைத்தான். கீழே சில குறைகளை விரிவாகவே எழுதப்போகிறேன் என்பதால், அவற்றைப் படித்துவிட்டு யாரும் பாடங்களை ஒதுக்கிவிடக் கூடாது என்று இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியுதவியுடன் 2003-இல் தொடங்கிய திட்டம் இது. தொடக்கத்தில் பேராசிரியர்களின் விரிவுரைகளைப் பதிவுசெய்து இலவசமாக வெளியிட்டார்கள். 2014 முதல் வாராந்தர ஒப்படைப்புகளும், தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதும் இறுதித் தேர்வும், சான்றிதழும் சேர்ந்தன. இப்போது மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் 4, 8, 12 வாரப் பாடங்களாக இவை நடத்தப்படுகின்றன. பதிவுசெய்வதற்கும் காணொளி பார்ப்பதற்கும் காசு கிடையாது. தேர்வுக்கு மட்டுமே கட்டணம். பழைய பதிவுகளை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் அந்தப் பருவத்தில் நடத்தப்படும் பாடத்துக்கு மட்டுமே சான்றிதழ் கிடைக்கும். இந்த வேறுபாடு தெரியாமல், பழைய விரிவுரைகளை முழுக்கப் பார்த்து முடித்த பிறகு தேர்வு எப்போது என்று கேட்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது ஐஐடி பம்பாய்ப் பேராசிரியர் டி. ஐ. எல்டோவின் நீர்வடிப்பகுதி (ஓர் ஓடைக்கோ ஆற்றுக்கோ மழைநீர் வடிந்து சேரும் நிலப்பரப்பு) மேலாண்மைப் பாடம். மழை, வழிந்தோட்டம், மண்ணரிப்பு, மழைநீர் சேகரிப்பு, மக்கள் பங்கேற்பு என்று ஒரு வடிப்பகுதியை எல்லாப் பக்கத்திலிருந்தும் சுற்றிக் காட்டுகிற பாடம் இது. அகலம் அதிகம் என்பதால் ஆழம் சில இடங்களில் குறைந்தே இருக்கும். அந்த ஆழம் வேண்டுமென்றால் ஐஐடி கரக்பூரின் மண், நீர்ப் பாதுகாப்புப் பொறியியல் பாடத்துக்குப் போகலாம். சமமட்ட வரப்பு, படிமுறை நிலம், ஓடை அரிப்புத் தடுப்பு, தடுப்பணை ஆகியவற்றை அளவு போட்டு வடிவமைக்கும் அளவுக்கு அது அழைத்துச் செல்கிறது. இந்திய அறிவியல் கழகத்தின் பி. பி. முஜும்தார் நடத்தியுள்ள நிகழ்தகவு நீரியல் பாடம் வேறு வகையைச் சேர்ந்தது. வெள்ளம் மீண்டும் வரும் இடைவெளியை எப்படிக் கணிப்பது, ஒரு ஆற்றின் பழைய பதிவுகளிலிருந்து வரக்கூடிய ஆண்டுகளின் நீர்வரத்தை எப்படிச் செயற்கையாக உருவாக்கிப் பார்ப்பது என்பதை, ஒரு வரியைக்கூடத் தாவாமல் கரும்பலகைக் காலத்து நிதானத்தோடு சொல்லித்தருகிறார். புள்ளியியலைக் கண்டு ஒதுங்குகிறவர்கள்கூட முதல் ஐந்தாறு விரிவுரைகளைக் கேட்டுப்பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இந்தப் பாடங்களின் உண்மையான பலம் கணக்கில்தான் இருக்கிறது. அவற்றின் எல்லையும் அங்கேயே தொடங்குகிறது என்பதற்கு ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்று கணிக்க உலகமெங்கும் கையாளப்படுவது, அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை வகுத்த வளைவு எண் முறை. மண்ணின் வகை, நிலப் பயன்பாடு, முன்பிருந்த ஈரம் ஆகியவற்றைக் கொண்டு அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுக்கிறோம். அந்த எண் 80 என்றால், மண் அதிகபட்சம் பிடித்துவைக்கக்கூடிய அளவு 63.5 மில்லிமீட்டர். வழிந்தோட்டம் தொடங்கும் முன்பே மண்ணும் செடிகொடியும் பள்ளங்களும் எடுத்துக்கொள்ளும் தொடக்க இழப்பு, அதில் ஒரு பங்கு. இந்திய நடைமுறையில் பொதுவாக, காய்ந்த கரிசலுக்கும் சேர்த்து, அந்தப் பங்கு 0.3; ஈரமேறிய கரிசலுக்கு மட்டும் 0.1. ஆக, 100 மில்லிமீட்டர் மழைக்கு முதல் பங்கைக் கொண்டால் ஏறத்தாழ 45 மில்லிமீட்டரும், இரண்டாவதைக் கொண்டால் ஏறத்தாழ 56 மில்லிமீட்டரும் ஓடும். நூறு ஹெக்டேர் நிலத்தில் இந்த வேறுபாடு பத்தாயிரம் கன மீட்டருக்கு மேல் வரும். ஒரு சிறு ஊருணியின் கொள்ளளவே இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் அடங்கிவிடக்கூடும்.

விரிவுரையில் இந்தப் படிகள் அனைத்தும் தெளிவாக வந்துவிடுகின்றன. ஏன் ஒரே மண்ணுக்கு இரண்டு பங்கு என்பதோ, புரட்டாசியில் கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் நடந்து பார்த்தவருக்குத்தான் விளங்கும். கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் நிலம் முதல் மழையை அப்படியே குடித்துவிடுகிறது. களி ஊறி உப்பி வெடிப்புகள் மூடிக்கொண்ட பிறகு, ஐப்பசி மழையில் அதே நிலம் நீரை உள்ளே விடாமல் ஓடவிடுகிறது. திரையில் தெரியும் அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் இந்த நிலத்தை, படிக்கிறவர் தாமாகத்தான் தேடிப்போக வேண்டும். இணையவழிப் பாடத்தின் இயல்பே அதுதான் என்பதால் இதை ஆசிரியர்களின் குறையாக நான் எண்ணவில்லை. ஆனால், முறையான முதுநிலைப் படிப்பில் கள முகாமும் ஆய்வகமும் ஏன் கட்டாயமாக இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

நீர்ச்சூழல் என்று வரும்போது என் மனக்குறை இன்னும் கொஞ்சம் கூடுதல். நான் பார்த்த பாடங்களில் நீரின் தரம் பெரும்பாலும் பொறியியல் கண்ணோடுதான் அணுகப்படுகிறது. கழிவு கலந்த ஆற்றில் கரைந்த ஆக்சிஜன் எப்படிக் குறைந்து மீள்கிறது என்பதற்கு, ஒஹையோ ஆற்றை ஆராய்ந்து 1925-இல் ஸ்ட்ரீட்டரும் பெல்ப்ஸும் தந்த சமன்பாடு விரிவாக வருகிறது. அது ஓடும் நீருக்கானது. நம் கண்மாய்களிலும் ஏரிகளிலும் நிற்கும் நீரில் பாசி பகலெல்லாம் ஆக்சிஜனை வெளிவிட்டு, இரவெல்லாம் மற்ற உயிர்களோடு சேர்ந்து அதையே எடுத்துக்கொள்ள, விடியும் நேரத்தில் அளவு அடிமட்டத்துக்குப் போய் மீன்கள் மேலே வந்து வாய்பிளந்து திணறுவதை விளக்க வேறு அறிவு வேண்டும். ஆகாயத்தாமரை ஏன் இந்தக் குளத்தில் மண்டி அந்தக் குளத்தில் மண்டவில்லை என்ற கேள்விக்கும் அப்படித்தான். உயிரியல் பக்கத்திலிருந்து நீருக்கு வருகிறவர்கள், இந்தப் பாடங்களோடு நன்னீர்ச் சூழலியல் பாடநூல் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கட்டடப் பொறியியல் மாணவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் துணைப் பயிற்சி ஒன்று உண்டு. வெள்ளக் கணிப்பு வாரம் முடிந்ததும், சொந்த ஊர்க் கண்மாயின் கலிங்கை, அதாவது மிகைநீர் வழிந்து வெளியேறும் கட்டுமானத்தை, போய் அளந்துவரச் சொல்வேன். தென்னிந்தியாவுக்கென்று ரைவ்ஸ் 1884-இல் தந்த சூத்திரப்படி, நீர்ப்பிடிப்புப் பரப்பை மூன்றில் இரண்டு (2/3) அடுக்குக்கு உயர்த்தி, ஒரு கெழுவால் (இடத்துக்கேற்ற மாறா எண்ணால்) பெருக்கினால் உச்ச வெள்ளம் கிடைக்கும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் அந்தக் கெழு 6.8. பரப்பு 25 சதுர கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 58 கன மீட்டர் வரும். கலிங்கின் மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் வழிவதாகக் கொண்டால், அதைக் கடத்த 34 மீட்டர் நீளமாவது வேண்டும். அளந்து வரும் நீளம் பெரும்பாலும் இதோடு பொருந்தாது. மேலே உள்ள கண்மாய்கள் மறித்துக்கொள்ளும் பரப்பைக் கணக்கிலிருந்து கழித்தார்களா, வரத்துக்கால் எங்கேனும் துண்டிக்கப்பட்டுவிட்டதா, கலிங்கில் வழியும் மறுகால் நீர் போகும் ஓடையில் இப்போது என்ன கட்டியிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினால், பன்னிரண்டு வாரப் பாடத்தில் பாதிக்குப் புது அர்த்தம் வந்துவிடும்.

தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதிப்பெண்ணில் 25 விழுக்காடு ஒப்படைப்புக்கும் 75 விழுக்காடு இறுதித் தேர்வுக்கும் போகிறது. 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளை எடுத்துக்கொள்வார்கள். வினாக்கள் பெரும்பாலும் விடையைத் தெரிவு செய்யும் வகையோ, ஓர் எண்ணை நிரப்பும் வகையோதான். ஒரு வடிப்பகுதிக்குத் திட்டம் தீட்டும் திறனை அப்படி அளந்துவிட முடியாது என்பதால், தங்கமோ வெள்ளியோ பொறித்த சான்றிதழை வைத்துக்கொண்டு ஒருவருக்கு இத்துறை கைவந்துவிட்டது என்று வேலை கொடுப்பவர்கள் முடிவுகட்ட வேண்டாம். விரிவுரைகள் ஆங்கிலத்தில் உள்ளன. சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது, பதிவுசெய்யும் முன் அந்தந்தப் பாடத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தேர்வுக் கட்டணம் ஆயிரம் ரூபாய் அளவில் இருக்கும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சலுகை உண்டு. கல்லூரியில் பாடப்புள்ளியாக (கிரெடிட்) ஏற்றுக்கொள்கிறார்கள் என்றால் தாராளமாகக் கட்டலாம். ஏற்கிறார்களா என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேளாண் பொறியியல் துறையிலோ தொண்டு நிறுவனத்திலோ ஏற்கெனவே களத்தில் இருப்பவர்களுக்குச் சான்றிதழ் தேவைப்படாது. அவர்கள் எல்டோவின் பாடத்தை முழுதாகவும், கரக்பூர் பாடத்தில் மண்ணரிப்பு, தடுப்பணை பற்றிய வாரங்களை மட்டும் கையில் கால்குலேட்டரோடும் பார்த்தாலே போதுமானது.